முன்கூட்டியே சொன்ன ஸ்தோத்திரம்

ஓனச்சன் பீடியை விட்டுவிட்டார் என்ற செய்தி ஓனச்சனுக்கு வந்து சேர்ந்தபோது அவர் வாயில் பீடி இருந்தது.

செய்தியைக் கொண்டுவந்தது அன்னக்குட்டி. பால் சங்கத்தில் பாலை ஊற்றிவிட்டுத் திரும்புகிறவள் ரப்பர் தோட்டத்து வேலியோரம் நின்று, "அச்சாயா, கர்த்தர் எவ்வளவு பெரியவர் பாத்தீங்களா" என்று கண்கலங்கினாள். மரத்துக்குப் பின்னால் நின்றிருந்த ஓனச்சன் பீடியைச் சட்டென்று உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். கை சுட்டது. முப்பத்தொன்பது வருஷமாக நெஞ்சை அரித்த சனியனிலிருந்து விடுதலை கிடைத்ததே, அச்சாயனுக்கு இப்போது எப்படியிருக்கிறது என்று அவள் கேட்டாள். எரிகிறது என்றார் ஓனச்சன். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று ஆறுதல் சொல்லிவிட்டு அவள் போனாள்.

நடந்தது இதுதான். ரான்னிக்கு மேலே மலையோரத்தில் இருக்கும் நம்ம சபையில் அந்த வாரம் உபவாச ஜெபம். கிடைத்த பிறகு நன்றி சொல்வது என்ன பெரிய விஷயம், அதை எவனும் செய்வான், கிடைப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது என்று ஸ்தோத்திரம் சொல்வதுதான் விசுவாசம் என்று பாஸ்டர் சாமுக்குட்டி ஐந்து நாளும் தொண்டை கிழியப் பிரசங்கம் செய்தார். ஆண்கள் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்கள். பெண்கள் அப்படி இருப்பார்களா? வெள்ளிக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் ஒருத்தி எழுந்து மகனுக்குக் குவைத் விசா கிடைத்துவிட்டது என்றாள். இன்னொருத்தி கிணற்றில் தண்ணீர் ஊறிவிட்டது என்றாள். ஓனச்சனின் மனைவி ராகேலம்மா எழுந்து, "என் வீட்டுக்காரரைக் கர்த்தர் பீடியிலேருந்து விடுதலை பண்ணிட்டார், ஸ்தோத்திரம்" என்றாள்.

விசா வரவில்லை என்று ஊருக்கே தெரியும். கிணறு வறண்டு கிடப்பதும் தெரியும். அதனால் அவை விசுவாசக் கணக்கில் போயின. ஓனச்சனின் பீடியை யார் போய்ப் பார்த்தார்கள்? நடந்தே முடிந்துவிட்டது என்று சபை முழுக்க நம்பிவிட்டது.

ஓனச்சன் ரப்பர் வெட்டும் கத்தியும் கையுமாக வீட்டுக்கு வந்தார். ராகேலம்மா அடுக்களையில் கப்பைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏடி, நான் எப்படி பீடியை விட்டேன்?"

"நீங்க விடலை. கர்த்தர் விட வெச்சுட்டார். உங்களுக்கு இன்னும் தெரிய வரலை, அவ்வளவுதான்."

"நாளைக்கே முச்சந்தியில நின்னு எல்லாரும் பாக்க நான் ஒரு பீடி பத்த வெச்சா?"

"நான் பொய்க்காரி ஆயிடுவேன்" என்றாள் ராகேலம்மா. தலையைத் தூக்கக்கூட இல்லை.

அங்கேதான் மனுஷன் மாட்டிக்கொண்டார். ராகேலம்மாவுக்கு ஆயிரம் குறை சொல்லலாம். ஓனச்சன் சொல்லியும் இருக்கிறார். ஆனால் அவள் வாயில் பொய் வந்தது என்று ஊரில் ஒரு நாக்கும் சொன்னதில்லை. ரப்பர் ஷீட் வாங்க வரும் வியாபாரியிடம், இது இன்னும் சரியாகக் காயவில்லை என்று கேட்காமலே சொல்லித் தொலைக்கிறவள். அவளைப் போய்ப் பொய்க்காரி என்று யாராவது சொல்லிவிட்டால் அதை அவரால் தாங்க முடியாது. அதற்காகப் பீடியை விடவும் முடியாது. ஒரு நாளைக்கு ஒரு கட்டு, இருபத்தைந்து பீடி குடித்துப் பழகிய உடம்பு.

சாயங்காலம் பெட்டிக்கடைக்குப் போனார். வாசுப்பிள்ளை வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். உனக்கென்ன வந்தது, நீ என்ன சபைக்காரனா என்று ஓனச்சன் எகிறினார்.

"அச்சாயா, என் சாமின்னா நான் பேசிச் சமாளிச்சுக்குவேன். உங்க ஆளோட குணம் எனக்குத் தெரியாது. நான் வம்புக்கு வரலை" என்றார் வாசுப்பிள்ளை.

மிச்சமிருந்தது ஒரே ஒரு முழுக் கட்டு. அதை ஒரு தகர டப்பாவில் போட்டுப் புகைப்புரையின் ஓட்டுக்கு அடியில் செருகி வைத்தார். ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் அந்தச் சின்னக் கட்டடத்தில் எந்நேரமும் விறகுப் புகை மண்டிக் கிடக்கும். அதற்குள் ஒரு பீடிப் புகையை எந்தக் கொம்பன் கண்டுபிடிப்பான்? ஓனச்சன் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். ஆனால் உள்ளே போனால் மூச்சு முட்டியது. ஒன்றைக் குடித்து முடிப்பதற்குள் கண்ணும் மூக்கும் ஒழுகின. ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் யாராலும் முடியாது.

மூன்றாம் நாள் அவர் கண் சிவந்து, முகமெல்லாம் நீர் வழிய வெளியே வந்ததை அன்னக்குட்டி பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். அச்சாயன் கதவைச் சாத்திக்கொண்டு அந்தரங்கத்தில் அழுது ஜெபிக்கிறார் என்று சாயங்காலத்துக்குள் மலை முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த நாள் பாஸ்டரே வீடேறி வந்தார். கட்டன் காப்பியைக் குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அச்சாயன் சபைக்கு வந்து சாட்சி சொல்லியே ஆகவேண்டும், பக்கத்துச் சபைக்காரர்களும் கேட்க வருகிறார்கள் என்றார். ஓனச்சன் ராகேலம்மாவைப் பார்த்தார். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போகாமல் இருந்தால் சந்தேகம் வரும். போய், விட்டுவிட்டேன் என்று சொன்னால் கர்த்தரின் சந்நிதியில் பொய். விடவில்லை என்றால் ராகேலம்மாவின் மானம் போகும். நான்கு நாள் யோசித்தும் அவருக்கு வழி ஒன்றும் அகப்படவில்லை. ஞாயிறு காலை வெள்ளை முண்டும் வெள்ளை ஜிப்பாவும் போட்டுக்கொண்டு, பதற்றத்தில் புகைப்புரைப் பக்கம் ஒரு நடை போய்விட்டுத்தான் கிளம்பினார்.

சபை நிரம்பி வழிந்தது. பாட்டும் கைத்தட்டலுமாகக் கூரைத் தகரம் அதிர்ந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர ஓனச்சன் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததில்லை. பாஸ்டர் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து நின்றார்.

"நான் பீடியை விடலை" என்றார்.

கஞ்சிரா அடிப்பவன் தூக்கிய கையை இறக்கவில்லை. பாஸ்டர் குனிந்து தன் செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டார்.

"ராகேலு பொய் சொல்லலை. அதை முதல்ல எல்லாரும் மனசுல வெச்சுக்கணும். அவ கர்த்தரை நம்பிச் சொன்னா. நான்தான் அதைப் பொய்யாக்கினேன். புகைப்புரைல ஜெபம்னு பேசிக்கிட்டீங்களே, அது ஜெபமில்லை, பீடி. ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு குடிச்சவன் நான். இந்த ஒன்பது நாள்ல மொத்தமே பதினாறு. எனக்கே நம்ப முடியலை. கர்த்தர் பேரைச் சொல்லி ஒளிஞ்சு திரிஞ்சவனை அடிக்காம, இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்திருக்கார். கர்த்தர் பெரியவர்தான். அவரோட இரக்கம்..." ஓனச்சன் ஜிப்பாக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பதினேழு" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

ராகேலம்மா எழுந்து நின்றிருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "டப்பாவுல எட்டுதான் மிச்சம் இருக்கு. இன்னிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி எண்ணிப் பாத்தேன். தினமும் எண்ணுவேன்" என்றாள்.

காலையில் குடித்ததைச் சேர்க்க மறந்தது அப்போதுதான் ஓனச்சனுக்கு உறைத்தது. ஆனால் அவரை உலுக்கியது அதுவல்ல. டப்பா இருக்குமிடம் இவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். எடுத்து அடுப்பில் போடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாவற்றையும் எண்ணி வைத்துக்கொண்டு, ஒன்பது நாளும் சோறு போட்டு, சாயங்கால ஜெபத்தில் என் வீட்டுக்காரரை விடுவித்தீரே என்று அவர் பக்கத்திலேயே முழங்காலிட்டிருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தும் இவளைச் சரியாகப் பார்க்கவில்லையே என்று அழுகையும் வந்தது.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா ஸ்தோத்திரம் சொன்ன?" என்று சபையை மறந்து கேட்டார்.

"தெரிஞ்சுதான்" என்றாள் ராகேலம்மா. "கர்த்தர் மட்டும் நம்ம தப்பையெல்லாம் எண்ணாமலா இரங்குறார்?"