ஆறு மணிக்கு வரும் கிளி

எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது எனக்குத் தெரியும். அதற்காக நான் எங்கும் போவதில்லை. வாசலில் கோலப்பொடி டப்பாவோடு பத்து நிமிஷம் குனிந்திருந்தால் செய்தி அதுவாகவே வந்து சேரும். ஆனால் பக்கத்து வீட்டு நம்பி விஷயத்தில் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. அங்கே நானாகத்தான் தலையை நுழைத்தேன்.

நம்பி போட்டோகிராபர். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும் கழுத்தில் இரண்டு கேமராவோடு பந்திக்குக் கடைசியாக வருகிற ஆள். நல்ல கைதான். போன வருஷம் ஜூன் மாதம், யூடியூபில் எவனோ பேசியதைக் கேட்டுவிட்டு ஒரு தீர்மானம் எடுத்தான். தினம் ஒரு படம். காலை ஆறு மணி. இன்ஸ்டாகிராமில். ஒரு நாள்கூட விடக்கூடாது.

"ஒரு நாள் விட்டா என்ன தம்பி ஆயிரும்?" என்று கேட்டேன்.

"அல்காரிதம் நம்மள மறந்துரும் மதினி."

அல்காரிதம் யார் என்று எனக்குத் தெரியாது. அவன் பயந்த பயத்தைப் பார்த்தால் மாமியார் ஸ்தானத்தில் இருக்கிற யாரோ என்று பட்டது.

முதலில் நூற்றுப் பன்னிரண்டு பேர் பின்தொடர்ந்தார்கள். பாதி சொந்தக்காரர்கள், மீதி அவன் படமெடுத்த மாப்பிள்ளைகள். நம்பி விடவில்லை. அய்யனார் கோவில் அருவி, கூமாப்பட்டிப் பக்கம் மலையிலிருந்து இறங்குகிற பனி, ரத வீதியில் மழையில் நனைகிற பூக்காரியின் குடை என்று ஒரு நாள் தவறாமல் போட்டான். காய்ச்சலில் கிடந்த வாரம் கட்டிலில் படுத்தபடியே மின்விசிறியைப் படமெடுத்துப் போட்டான். அதற்கும் நானூறு பேர் ஹார்ட் போட்டார்கள். எங்கள் வீட்டிலும் மின்விசிறி இருக்கிறது.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு தெர்மகோல் அட்டையைத் தூக்கிக்கொண்டு போனவள் அவன் பெண்சாதி ஆனந்தவல்லி, எங்களுக்கு ஆனந்தி. வெயிலை அட்டையில் வாங்கி அவன் சொல்கிற இடத்தில் திருப்பிவிடுவாள். "இன்னும் செத்த கீழ... அங்கனதான், ஆடாத!" என்று அவன் கத்துவது மாடிவரை கேட்கும். கை நடுங்குகிறவள். ஆனாலும் பிடிப்பாள். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி நான் என்றும் கேட்டதில்லை என்று சொன்னால் தெருவே சிரிக்கும்.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் ராஜபாளையத்தில் ஆனந்தியின் அப்பா தவறிவிட்டார். நானும் போயிருந்தேன். அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு, அவள் பின்கட்டில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது. அப்பாவின் துண்டு முனையை வாயில் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். ஓட்டு இடுக்கு வழியாக வெயில் அவள் முகத்தில் மட்டும் விழுந்திருந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய நம்பி, கதவோரம் நின்று படம் எடுத்தான். நான் பார்த்தேன். மாப்பிள்ளை, போட்டோகிராபர், எடுக்கத்தானே செய்வான் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அது இன்ஸ்டாகிராமில் ஏறிவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டாம் நாள் படம். மேலே 'அப்பா' என்று ஒரே வார்த்தை.

சாயங்காலத்துக்குள் பதினெட்டாயிரம் ஹார்ட். துட்டி கேட்க வந்தவர்கள் ஆனந்தியின் கையைப் பிடிப்பதற்கு முன்னால், "போன்ல பாத்தோம் தாயி, அழுகையே வந்துருச்சு" என்றார்கள். எவனோ அதில் சோகப்பாட்டு சேர்த்து வேறு சுற்றவிட்டான். அவள் நம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "அதை எடுத்துருங்க" என்றாள். நான் அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன், காது நன்றாகவே கேட்கும்.

"ரெண்டே நாள் ஆனந்தி. இப்ப எடுத்தா அம்புட்டு ரீச்சும் போயிரும்."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பினோம். அவள் திரும்பவில்லை. நம்பி அன்றைக்குத்தான் படத்தை இன்ஸ்டாகிராமிலிருந்து நீக்கினான். முப்பதாயிரம் பேர் சேர்ந்துவிட்டிருந்தார்கள், ஒருத்தி போய்விட்டிருந்தாள்.

அதன் பிறகு அவன் வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே என்னதான் செய்கிறான்? ரீசார்ஜ் கடை சுமையாவிடம் போனைக் கொடுத்து, எனக்கும் ஒரு இன்ஸ்டாகிராம் போட்டுத் தரச் சொன்னேன்.

"என்ன பேரு போடட்டும் அக்கா?"

"எம்பேரப் போட்டுராத."

"அப்ப படம்?"

போனில் என் மூஞ்சியைத் தவிர ஒரே ஒரு நல்ல படம்தான் இருந்தது. ஆண்டாள் கையில் தினமும் ஒரு கிளி இருக்கும், பச்சை இலையில் புதிதாகக் கட்டுவார்கள். முந்தின நாள் கிளி யாராவது ஒரு பக்தருக்குக் கிடைக்கும். அதற்கு முந்தின வருஷம் அது ஆனந்திக்குக் கிடைத்தது. தன் வீட்டு நீல அலமாரியில் வைத்துக் காய்ந்து சருகாகும்வரை தூக்கிப் போடமாட்டேன் என்று இருந்தாள். அப்போது நான் எடுத்த படம். அதையே போடச் சொன்னேன்.

பிப்ரவரி இரண்டாம் வாரத்திலிருந்து, காலை ஆறு மணிக்கு அவன் படம் வந்ததும் முதல் ஹார்ட் என்னுடையது. வேறொன்றுமில்லை, அந்த நேரத்துக்குப் பால் பொங்குகிறதா என்று அடுப்புக்கு முன்னால் சும்மாதான் நிற்பேன். மற்றொரு காரணம், படங்கள் நன்றாக இருந்தன. முன்பு மாதிரி அருவியும் பனியும் இல்லை. காலியான கொடிக்கயிறு. சுவரில் சாத்தி வைத்த தெர்மகோல் அட்டை. ஒரே ஒரு டம்ளர். ஊரே 'சூப்பர் ப்ரோ' என்று எழுதியது. நான் எழுதுவதில்லை. எழுதினால் யாரென்று தெரிந்துவிடும்.

ஆடிப்பூரத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மதிலுக்கு அந்தப்புறம் வெள்ளை அடிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நம்பிதான் ஏணி மேல் நின்றான்.

"என்ன தம்பி, வீடு கல்யாணக் களை கட்டுது?"

"ஆனந்தி தேருக்கு வந்துருவா மதினி."

"பேசுனாளா?"

"பேசல." கீழே இறங்கி வந்தான். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து மதில்மேல் வைத்தான். "இந்தா பாருங்க. பேரு கெடையாது, ஒண்ணும் கெடையாது. ஆனா தெனமும் மொத ஹார்ட் இதுதான். ஆறு மணி ஆன மறு நிமிசம்."

மதில்மேல் என் கிளி உட்கார்ந்திருந்தது.

"பின்னாடி பாத்தீயளா? எங்க வீட்டு அலமாரி. வேற யாரு வச்சிருப்பா இந்தப் படத்த? அவதான். அந்த ஒரு ஆளுக்குத்தான் இப்ப நான் போடுதேன். நாப்பதாயிரம் பேரு ஓரமா நின்னு பாத்துட்டுப் போகட்டும்."

"நீங்க ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு..."

"வேண்டாம் மதினி. தெனம் பாக்கா. கோவம் எறங்கிட்டு வருது. நான் போயி நின்னு கெடுத்துரக்கூடாது."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஊரில் இருக்கிற அத்தனை பேர் சங்கதியையும் சொல்கிற வாய், அன்றைக்கு, "பூரத்துக்கு என்ன சமைக்கப் போறீய?" என்று கேட்டது. ஒரு ஹார்ட்தானே, அதில் ஒரு மனுஷன் எழுந்து குளித்து வெள்ளை அடிக்கிறான், நடப்பது நடக்கட்டும் என்று நினைத்தேன். வேவு பார்த்தேன் என்று தெரிந்தால் என்ன நினைப்பான் என்ற வெட்கமும் இருந்தது. அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

தேர் வந்தது, போனது. ஆனந்தி வரவில்லை. மறுநாள் காலை அவன் போட்ட படம், கூட்டம் கலைந்த ரத வீதியில் கிடந்த ஒற்றைச் செருப்பு. நான் ஹார்ட் போட்டேன். போடாவிட்டால் மனம் உடைந்துவிடுவானே!

ஆவணிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் ஆனந்தி. இளைத்திருந்தாள். கை கழுவுகிற இடத்தில் பிடித்துவிட்டேன்.

"ஏட்டி ஆனந்தி, எப்படி இருக்க?"

"இருக்கேன்க்கா. நாளைக்குக் கோயம்புத்தூர் போறேன். ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல வார்டன் வேல. பத்தரை மணி பஸ்."

"திரும்பி...?"

"அங்கேயேதான்."

"அவரு போடுத படமெல்லாம் பாக்கியாட்டி?"

"அந்த எழவையா?" குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா செத்த மூணாம் நாளே அதைப் போன்லருந்து தூக்கிட்டேன். இப்பமும் போடுதாகளா?"

"தெனமும்."

"போடட்டும்." சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "இங்கனக்குள்ள இருக்குத ஊருதானக்கா. பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ்ஸு. ஏழு மாசமா வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் பாப்பேன். தேருக்காவது கூப்பிட வருவாகன்னு பொட்டியெல்லாம் கட்டி வச்சிருந்தேன். வந்து 'தப்புத்தான் ஆனந்தி'ன்னு ஒரு வார்த்த. வந்திருந்தா கெளம்பியிருப்பேன். ஒரு தடவகூட வரலயே."

"அது வந்து, ஆனந்தி..." என்றேன். தாம்பூலப் பையோடு யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

நேராக நம்பி வீட்டுக்குள் போனேன். மறுநாள் படத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான். ஆனந்தி கோயம்புத்தூர் போகிற விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான்.

"சும்மா யாரோ கெளப்பி விட்டிருப்பாக மதினி. காலைலகூட ஹார்ட் போட்டாளே!"

என் போனைத் திறந்து அவன் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் அதே கிளி.

"இது நாந்தான் தம்பி. மொதல்லருந்தே நாந்தான்."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, அலமாரியின் விளிம்பை, கிளியின் மாதுளம்பூ மூக்கை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"போகஸ் ஆடியிருக்கு," என்றான். "அதான் அவ எடுத்ததுன்னு நெனச்சேன். அவளுக்குக் கை நடுங்கும்."

அவன் போனை என் பக்கம் திருப்பினான்.

"மே மாசம் பதினேழாந்தேதி ஹார்ட் போட்டு, எடுத்துட்டு, திரும்பப் போட்டா. அதுவும் நீங்கதானா?"

"கை தவறிப் பட்டுருச்சு தம்பி. தோசை மாவுக் கை."

"அன்னைக்கு முழுக்க நான் சாப்பிடல. கோவம் வந்து எடுத்திருக்கா, பொறவு மனசு கேக்காம போட்டிருக்கான்னு..." போனைக் கவிழ்த்து வைத்தான். "மொத மொதல்ல கிளி வந்த அன்னைக்கு நான் எங்க இருந்தேன் தெரியுமா? பஸ் ஸ்டாண்டுல. ராஜபாளையம் பஸ்ல ஏறி உக்காந்துட்டேன். அவ கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துரணும்னு. ஆறு மணி ஆச்சேன்னு படத்தப் போட்டேன். ஒடனே ஹார்ட் வந்துச்சு. எறங்கிட்டேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனைத் திறந்தேன். படம் இல்லை. ஆறேகாலுக்கும் இல்லை. நானூற்று நாற்பத்தைந்து நாளில் முதல் தடவை. எட்டு மணிக்கு, 'ப்ரோ இன்னைக்கு போஸ்ட் எங்க?' என்று ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். மூன்று நாள் கேட்டார்கள். அப்புறம் அவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

நம்பி அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே ராஜபாளையத்திலிருந்து திரும்பி வந்தான். தனியாக. வாசலில் நான் கோலப்பொடி டப்பா இல்லாமல் சும்மாவே நின்றிருந்தேன். ஒளிக்க இனி என்ன இருக்கிறது?

"பாத்தீயளா?"

"பாத்தேன். எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுக்கிட்டா." சட்டைப் பித்தானைத் திருகினான். "'நான் படத்தப் பாக்கேன்னு நெனச்சப்ப வரல. பாக்கலன்னு தெரிஞ்சதும் வாறீய'ன்னா. பொட்டிய நாந்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிட்டுப் போனேன். அதுக்கு மட்டும் வேண்டாங்கல."

அவன் தோளில் கேமராப் பை இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஒரு படங்கூட எடுக்கலயா தம்பி?"

"இல்ல." சாவியைப் பூட்டில் போட்டான். திருப்பவில்லை. "பஸ்ல சன்னலோரம் உக்காந்திருந்தா மதினி. மொகத்துல நல்ல வெளிச்சம்."