வெள்ளை கிரீஸ்

என் தம்பி கிஷாந்த் எதையும் முகர்ந்து பார்த்துத்தான் நம்புவான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஃபெக்டரி வேலை அப்படி. தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்று எங்கள் லிந்துலை ஃபெக்டரிக்குள் மல்லிகைப்பூவோடுகூட விடமாட்டார்கள். அடுப்புச் சூட்டில் ஓடும் இயந்திரங்களுக்கு வாசனையே இல்லாத, உருகி வழியாத கெட்டியான வெள்ளை கிரீஸ்தான் போடுவார்கள். ஸ்டோர் சாவி என்னிடம். அந்த டின்னை நகை மாதிரிப் பூட்டி வைப்பேன்.

ஹட்டனில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து ஊர்மிளா மிஸ், தன் பெரியப்பா விட்டுப்போன பழைய விமானத்தை எங்கள் தோட்டத்து மேல் டிவிஷனில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் வைத்திருந்தார். இரண்டு பேர் உட்காரலாம். ஓட்ட லைசென்ஸும் இருந்தது. இஞ்சினியர் வராத நாட்களில் எண்ணெய் போடுவது கிஷாந்தின் வேலை. விமானம் திங்கட்கிழமை கொழும்புக்காரர் ஒருவருக்குக் கைமாறுகிறது. அதற்கு முன் எங்கள் அம்மாவை ஒரு சுற்றுக் கூட்டிப்போவதாக மிஸ் சொல்லியிருந்தார்.

அம்மா ஒரு வாரம் தூங்கவில்லை. “காலம்பூரா கொழுந்தெடுத்தாச்சு. இந்த மலைய ஒரு நாளாவது குனியாம பாக்கணும்” என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, புல்லெல்லாம் பனி. அம்மா கூறைப்புடவை கட்டி, ஸ்வெட்டர் மாட்டி, விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மிஸ் விமானத்தைத் திருப்பும் பிடியை அசைத்துப் பார்த்தார்.

“இதென்ன இறுகிக் கிடக்கு? நான் தந்த எண்ணெயைத்தானே போட்டனீர், கிஷாந்த்?”

“ஆமாங்க மிஸ். பனிக்கு அப்படித்தாங்க இருக்கும்.”

நான் வால் பக்கம் போனேன். அசையும் வால் பலகைக் கீல்களின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை இழுத்துத் தள்ளிக்கொண்டு போய், “எங்க ஸ்டோர் கிரீஸாடா இது?” என்றேன்.

“மிஸ் குடுத்தது தண்ணி மாதிரி ஓடுதுக்கா, மண்ணெண்ணெய் கணக்கா நாறுது. அம்மா போற ப்ளேனுக்கு அதயா போடுறது? மெசினுக்குக் குடுத்ததுல மிச்சம் பிடிச்சு, நம்மகிட்ட உள்ளதிலேயே நல்லதத்தான் போட்டேன். வெயில் வந்தா இளகிடும்.”

வெயில் வந்தது, இளகவும் செய்தது. பிடி சுளுவாக அசைந்ததும் மிஸ் சிரித்துக்கொண்டே பெல்டை மாட்டினார். சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வால் பக்கத்திலிருந்து விலகி நின்றுகொண்டேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அம்மா ஸ்வெட்டர் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, “ஏன் மிஸ், மேல போகப் போக இன்னும் குளிருமாங்க?” என்று கேட்டார்.

“ஓம் அம்மா, மலை உச்சிப் பட்டிப்பொலை ஸ்டேஷனை விடக் குளிரும்.”

கிஷாந்தின் முகம் செத்துப்போனது. ஓடிப்போய் இறக்கையைப் பிடித்துக்கொண்டான். “எறங்குங்கம்மா. தப்பான கிரீஸ் போட்டுட்டேன். மேல போனா மறுபடி இறுகிடும். எறங்குங்க!”

மிஸ் அவனை ஏசவில்லை. பெல்டைக் கழற்றி இறங்கிவந்து, அந்த வெள்ளைக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். அன்று பொழுது சாயும்வரை மிஸ்ஸும் அவனும் ஒவ்வொரு கீலாகக் கழுவித் துடைத்து, அந்த நாறும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். அம்மா வீட்டுக்குப் போய்ப் புடவையை மடித்து வைத்தார். மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் விமானம் எழும்பியபோது அம்மாவின் இடத்தில் கொழும்புக்காரர் இருந்தார். அம்மா மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார். கிஷாந்த் ஃபெக்டரி வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றான். சத்தம் தலைக்கு மேலே வந்தது. எல்லாப் பெண்களும் அண்ணாந்து பார்த்தார்கள். அம்மா குனிந்தபடியே கேட்டார்:

“நல்லா திரும்புதாடா?”

“திரும்புதும்மா.”

அதற்குப் பிறகுதான் அம்மா நிமிர்ந்தார்.