தட்டிக்கு அந்தப் பக்கம்

மெஹராஜ் பேகம் வாசலில் வந்து நின்றபோது இளையபெருமாள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவள் கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே துவைத்து மடித்த நீல பனியனும் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூவும்.

"எம் பொண்ணு இனிமே பந்தாட வரமாட்டாளுங்க ஐயா. கிளப்பு சாமானத் திருப்பிக் குடுத்துடலாம்னு வந்தேன்."

"இன்னாம்மா இது! அடுத்த வாரம் கடலூர்ல மேட்ச். கமருன்னிசா இல்லன்னா வலைக்கிட்ட நின்னு பந்து தூக்கிக் குடுக்க யாரு இருக்குறாங்க?"

செஞ்சியில் பெண்பிள்ளைகளுக்கென்று இருந்த ஒரே வாலிபால் கிளப் அது. திருவண்ணாமலை ரோட்டோரம் இளையபெருமாளின் தகப்பனார் விட்டுப்போன முக்கால் ஏக்கரில்தான் ஆட்டம்; மூலையில் சாமான் வைக்க ஒரு ஷெட். போன வருஷம் பஸ்ஸில் போன பயல்கள் விசிலடித்தார்கள் என்று மறுநாளே ஆளுயரத்துக்கும் மேலே கீற்றுத் தட்டி கட்டினார். தன் மண்ணில் ஆடும் பிள்ளைகள் மீது கண்டவன் பார்வை விழக்கூடாது. வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது, பெற்றவர்கள் உட்பட. பயிற்சி கொடுக்கத் தம்பி மகன் தனகோட்டி. சொந்த ரத்தம் இருக்கும்போது வேறு காவல் எதற்கு?

மெஹராஜ் பேகம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சுளுக்கு எடுக்கறேன்னு உங்க தம்பி மவன் பொண்ண ஷெட்டுக்குள்ள கூப்புடறாராம். வரலன்னா டீம்ல பேரு இருக்காதுன்றாராம். மூணு தபா ஆயிடுச்சி. புள்ள சரியாத் தின்றதில்ல, தூங்கறதில்ல."

"யாரப் பத்திப் பேசறன்னு தெரிஞ்சி பேசறியா?"

"தெரிஞ்சதாலதான் இத்தினி நாளு வாயத் தொறக்கல." அவள் குரல் உயரவில்லை. "எவனும் பாக்கக்கூடாதுன்னு தட்டி கட்டினீங்க. நல்லதுதான். ஆனா பெத்தவ நானும் பாக்க முடியலியே ஐயா."

அவர் கை நீட்டாததால் பையைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

பை அங்கேயே கிடந்தது. தனகோட்டிக்கு அடுத்த மாதம் பனமலையில் நிச்சயதார்த்தம். தாம்பூலத்தட்டு வரைக்கும் சொல்லியாகிவிட்டது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று எழுந்தவர் பாதியில் நின்றார். கேட்டால் இல்லை என்பான். அந்த 'இல்லை'யைக் கேட்கத்தான் தன் மனசு இப்படிப் பறக்கிறது என்பது அவருக்கே தெரிந்தது. தடியை எடுத்துக்கொண்டு நேராக மைதானத்துக்கு நடந்தார். பெண்பிள்ளைகள் ஆடும் நேரத்தில் போவது முறையல்ல என்று, அந்நேரத்தில் அவர் அதுவரை அங்கே கால் வைத்ததே இல்லை.

தட்டியை ஒட்டி நடந்தார். பந்துச் சத்தம் கேட்கவில்லை. பிள்ளைகள் தூரத்தில் ராஜகிரி மலையடிவாரம் வரை ஓடிப்போய்த் திரும்ப வந்துகொண்டிருந்தார்கள். தனகோட்டி அனுப்பிய ஓட்டம். உள்ளே நுழைந்தால் யாரும் இல்லை. ஷெட் கதவு மட்டும் சாத்தியிருந்தது. தடியால் ஓங்கி ஒரு தட்டு.

தனகோட்டி எண்ணெய் பாட்டிலோடு கதவைத் திறந்தான். "பெரிப்பா! நீங்க எங்க இங்க?"

"கதவு எதுக்குடா சாத்தியிருக்குது?"

"வசந்தாவுக்குக் கால் சுளுக்கு. இப்பதான் எண்ண போடலாம்னு..."

பெஞ்சில் தையல்காரர் மகள் வசந்தா கைகளைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பதிமூன்று வயசு.

"எந்தக் காலும்மா?"

அவள் தனகோட்டியைப் பார்த்தாள். பிறகு பெரியவரைப் பார்த்தாள்.

"சுளுக்கே இல்லீங்க தாத்தா."

சொல்லிவிட்டு அவரை உரசிக்கொண்டு வெளியே ஓடி வெயிலில் போய் நின்றாள். நொண்டவே இல்லை.

தனகோட்டி குரலைத் தாழ்த்தினான். "பெரிப்பா, பனமலைக்காரங்க காதுக்குப் போனா நம்ம குடும்ப மானம் இன்னா ஆவறது? உள்ளுக்குள்ளயே முடிச்சிடுங்க. நான் வேற ஊருக்குப் போயிடறேன்."

அறுபத்தெட்டு வயசு வரை மானம் என்ற அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவர் கட்டுப்பட்டு நடந்தவர். அதை இவன் வாயில் கேட்டபோது உடம்பு கூசியது.

"அந்த ஊர்லயும் புள்ளைங்க இருக்குமேடா."

ஷெட் மூலையில் கிடந்த அரிவாளை எடுத்தார். தனகோட்டி இரண்டடி பின்வாங்கினான். அவர் அவனைத் திரும்பிப் பார்க்காமல் ரோட்டோரம் போய்த் தட்டி கட்டியிருந்த கயிற்றை அறுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. தட்டி புழுதி கிளப்பிக்கொண்டு சரிந்தது. விழுப்புரம் பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஓடி முடித்து வந்த பிள்ளைகள் மூச்சிரைக்க நின்றார்கள்.

"ஸ்டேஷனுக்கு நட. நானும் வரேன்."

ஸ்டேஷனில் ரைட்டர் உறவுமுறை கேட்டபோது, "என் தம்பி மகன். என் வீட்டுப் பையன். அப்படியே எழுதுங்க" என்றார். பிள்ளைகளின் பெயரை மட்டும் தாய்மார்களைக் கேட்காமல் சொல்ல மறுத்தார். பனமலைக்கு அன்றே அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். தம்பி வீட்டில் அவரோடு பேச்சு நின்றது.

மூன்றாம் நாள் மஞ்சள் பையைத் தானே தூக்கிக்கொண்டு மெஹராஜ் பேகம் வீட்டுக்குப் போனார். அவள் நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"தட்டியப் பிரிச்சிட்டேன். ஷெட்டுக் கதவையும் கழட்டியாச்சி. இனிமே ரெண்டு டீச்சரம்மா வந்து சொல்லிக் குடுப்பாங்க. பெத்தவங்க எப்ப வேணா வந்து ஒக்காரலாம். தட்டி கட்டினது என் தப்பும்மா. வரதும் வராததும் உம் பொண்ணு இஷ்டம்."

கதவுக்குப் பின்னாலிருந்து கமருன்னிசா கேட்டாள். "பஸ்ல போறவங்க மறுபடி விசிலடிப்பாங்களே, தாத்தா?"

"அடிச்சா நம்ம கண்ணுக்குத் தெரியும்மா. எறக்கிக் கேப்பேன்."

"நானும் கேப்பேன்" என்றாள் மெஹராஜ் பேகம்.

கமருன்னிசா யோசித்தாள். பிறகு வெளியே வந்து பையை வாங்கி, முதலில் ஷூவை எடுத்துக் கயிறு இரண்டும் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.