வியாழன், ஒன்று முதல் நான்கு வரை

1

இந்தக் கதை ஒரு குற்றத்தில் பிறந்தது. பிணம் இல்லை, ரத்தம் இல்லை. ஒரு தொட்டி ஈரத் துணி, அதன்மேல் ஒட்டிய ஒரு சீட்டு. அவ்வளவுதான். வாரப் பத்திரிகைகளில் முப்பது வருடம் தொடர்கதை எழுதி, வாரம் ஒருவரையாவது மாடியிலிருந்து தள்ளிவிட்ட கை இது. அதனால் முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

"நிலவறைக் கதவைத் திறந்த குன்வோர் உறைந்து நின்றார். அவருக்கு முன்பே யாரோ அங்கே வந்துபோன"

வேண்டாம். அவர் உறையவில்லை. செருப்பில்லாமல் ஓடி வந்ததால் தரை சில்லிட்டது.

இரண்டாவது தொடக்கம்: "இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்பது" (இது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற தாள். கிழித்துவிட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். ஸ்வீடனில் கெவ்லே என்கிற ஊர், ஆற்றங்கரையில் எங்கள் கட்டிடத்தில் பதினெட்டு வீடுகள். துவைக்கும் அறை ஒன்றே ஒன்று, நிலவறையில். சுவரில் ஒரு பலகை. வீட்டுக்கு ஒரு சின்னப் பூட்டு. வேண்டிய கிழமையில், வேண்டிய நேரத்தின் துளையில் பூட்டை மாட்டினால் மூன்று மணி நேரம் அறை உங்களுடையது. நேரம் முடிந்தும் துணியை மெஷினில் விட்டுவைத்தால்...*

* எங்கள் ஊரில் பெண்டாட்டியை விட்டு ஓடியவனைக்கூடக் காபிக்குக் கூப்பிடுவார்கள். துணியை விட்டுப் போனவனுக்கு முகமே கொடுக்க மாட்டார்கள்.

2

குன்வோர் என்கிற பெண்மணிக்கு எழுபத்தொரு வயது. மூன்றாம் எண் நகரப் பேருந்தை முப்பத்து நான்கு வருடம் ஓட்டியவர். ஒரு நாளும் தாமதமாக வண்டி எடுத்ததில்லை. பனி இடுப்பளவு கொட்டிய வருடத்தில் மட்டும் இரண்டு நாள் வண்டியே எடுக்கவில்லை. அதைத் தாமதக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அவர் கட்சி.

சர்க்கரை வந்து எட்டு வருடம். மாத்திரை, விரல் நுனியில் ஊசி, ஆற்றங்கரை நடை, எல்லாம் கால அட்டவணைப்படி. எண்கள் பரவாயில்லை. அசதிதான் ஆளைத் தின்றது.

அது தூக்கம் இல்லை. தூக்கத்துக்குக் கொட்டாவி என்று ஒரு முன்னறிவிப்பாவது உண்டு. இது, டாங்கி நிறைய டீசல் இருக்கும்போதே மேட்டில் எஞ்சின் அணைந்துபோவது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிப்பதுகூடக் காதில் விழும். சாவியைத் திருப்பத்தான் கை எழாது.

அந்த வியாழக்கிழமை ஒரு மணிக்குத் துணியைப் போட்டுவிட்டு மேலே வந்தார். வியாழன் என்றால் பட்டாணி சூப், பிறகு பான்கேக். பணிமனை உணவகம் பழக்கிவிட்டது. பான்கேக்கை ஒன்றோடு நிறுத்தினார். ஜாம் பக்கமே போகவில்லை. கட்டிலில் ஐந்து நிமிடம் சாய்ந்தார்.

விழித்தபோது மணி நாலே முக்கால்.

கீழே அவருடைய துணிகள் நீலத் தொட்டியில் குவிந்து கிடந்தன. மேலே சீட்டு:

"1. நேரம் நான்கு மணி வரை.
2. இப்போது நாலேகால்.
3. சோம்பலுக்கென்று இந்தக் கட்டிடத்தில் தனி நேரம் ஒதுக்கவில்லை."

மூன்றாவது வரியைக் குன்வோர் நின்றபடி இரண்டு முறை படித்தார். பிறகு தொட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு தளத்திலும் கைப்பிடியைப் பற்றி நின்று, மேலே வந்தார். சமையலறை மேசையில் மகள் மாலின் அனுப்பிய படிவம் ஒரு மாதமாகக் கிடந்தது. முதியோர் குடியிருப்பில் இடம் கேட்கும் படிவம். ஜன்னலுக்குக் கீழே மூன்றாம் எண் பேருந்து திரும்பியது, நேரத்துக்குத்தான் வந்திருந்தது. அந்த ஜன்னலை விட மனமில்லாமல்தான் ஒரு மாதம் தள்ளிப்போட்டிருந்தார்.

சோம்பேறி. எட்டு வருடமாகத் தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருந்ததை இன்று யாரோ எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். உறையை ஒட்டினார்.

3

சீட்டை எழுதியது யார்? மூன்றாம் மாடி பொர்யே. நரைத்த மீசை, எப்போதும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம், அதட்டிக்கொண்டே இருக்க ஒரு நாய். அவனை மூன்று பக்கம் எழுதினேன். எழுத எழுத அவன்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு கெட்டவன் தன் துணியைத் தானே துவைப்பானா? நாயை வெட்டினேன். மீசையை எடுத்தேன். பிறகு பார்த்தால் பொர்யே இருந்த இடத்தில் ஒரு ஆளும் இல்லை, ஒரு நாற்காலியும் மேசையும் அதில் நானும்தான் இருந்தோம்.

வியாழன் நான்கு முதல் ஏழு வரை என் நேரம். சீட்டை எழுதியவன் நான்.

ஏன் அப்படி எழுதினேன் என்றால், அன்றைக்கு எனக்கும் உடம்பு

[இங்கே இருபத்தைந்து நிமிடம் தூங்கிவிட்டேன். அந்த வரியை அப்படியே விட்டுவைக்கிறேன். காரணத்தை அதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது.]

எனக்கு அறுபத்தெட்டு வயது. சர்க்கரை ஆறு வருடமாக. என் கதைகளில் போலீஸ்காரர்கள் நாலு நாள் தூங்காமல் கொலைகாரனைத் துரத்துவார்கள். நான் மத்தியானம் ஒரு பத்தியை முடிப்பதற்குள் கவிழ்ந்துவிடுவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. என்னை நான் திட்டிக்கொள்கிற வார்த்தையைத்தான் அவர் துணிமேல் ஒட்டினேன்.

4

மூன்று வாரம் கழித்து, மறுபடி வியாழன். உலர்த்தும் மெஷின் ஓட ஓடப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் யாரைக் கொல்லலாம் என்று யோசித்தது நினைவிருக்கிறது. பிறகு தோளை யாரோ உலுக்கினார்கள். குன்வோர்.

"யோவ் எழுத்தாளரே! உசிரு இருக்கா? இல்ல, இதுவும் உன் கதையில ஒரு கட்டமா?"

"மணி என்ன?"

"ஏழு பத்து. அடுத்த வாரத்துக்குப் பூட்ட மாட்ட வந்தேன். உன் மெஷின் எப்பவோ நின்னு கெடக்கு."

"காபி குடிக்கல, அதான்..."

"காபியா? முப்பத்து நாலு வருஷம் கண்ணாடியில ஜனங்க மூஞ்சியப் பாத்து ஓட்டினவ நான். தூங்குறவன் யாரு, சரியுறவன் யாருன்னு தெரியாதா? சர்க்கரைதானே?"

பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே. "ஆறு வருஷமா," என்றேன்.

"யார்கிட்ட சொல்லியிருக்க?"

"டாக்டர்கிட்ட."

"அடேயப்பா! உனக்கே அவருதானய்யா சொன்னாரு!"

சிரித்துக்கொண்டே என் துணியை எடுத்து என் மடியில் போட்டார். "மேல போனதும் மொதல்ல விரலக் குத்திப் பாரு," என்றார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் துணிமேல ஒருத்தன் சீட்டு ஒட்டினான். சோம்பலாம். மொதல்ல அழுதேன், அப்புறம் படிவத்துல கையெழுத்தும் போட்டேன். மறுநாள் காலையில வந்துச்சு பாரு ஒரு கோபம்! நர்ஸுக்குப் போன் போட்டுட்டேன். எட்டு வருஷத்துல அசதின்னு வாயத் தொறந்தது அன்னிக்குத்தான்."

நான் துண்டை நாலாக மடித்தேன். பிறகு எட்டாக.

"ரத்தம் எடுத்தாங்க. பி12 குறைஞ்சிருக்காம். மாத்திரை ரொம்ப நாள் சாப்பிட்டா சிலருக்கு அப்படி ஆகுமாம். அது சரியானாலும் அசதி மொத்தமாப் போயிடாதாம். சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நட, படுத்தா இருபது நிமிஷத்துல எந்திரின்னாங்க. அப்புறம் அந்த நர்ஸ் சொல்லிச்சு, 'இது உங்க தப்பில்ல'ன்னு. அந்த ஒரு வார்த்தைக்கு எட்டு வருஷம் காத்திருந்திருக்கேன்யா. சீட்டு எழுதினவனப் பாத்தா ஒரு அறை விடணும், ஒரு காபியும் போட்டுக் கொடுக்கணும்."

"படிவம்?"

"உறையில ஒட்டி வெச்சிருக்கேன். தபால்ல போடல. இன்னும் நாள் இருக்கு. நேரத்துக்கு எழுப்ப ஒரு ஆள் இருந்தா இங்கயே இருந்துடலாமான்னு பாக்குறேன்."

"நான் எழுப்புறேன்."

"நீயா! உன்ன யாரு எழுப்புறது?"

"நீங்கதான்."

"செத்த பாட்டரி ரெண்டச் சேத்து வண்டி கெளப்புன கதையா இருக்கு!" என்றார். சிரிப்பு மெஷினுக்குள் போய் எதிரொலித்தது.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். துண்டைத்தான் மடித்தேன்.

5

பதினோரு வாரம் ஆகிறது. வியாழன் மூன்றரைக்கு நான் அவருக்குப் போனில் இரண்டு தடவை மணி அடித்து வைப்பேன். ஆறரைக்கு அவர் எனக்கு. யாரும் எடுக்க வேண்டியதில்லை, எழுந்தால் போதும். அசதி போகவில்லை. ஆனால் அது வரும்போது இன்னொரு மாடியில் ஒருத்தருக்குத் தெரியும். இந்த வயதில் இவ்வளவு கிடைத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று யோசித்தால், முதல் ஆளாக அந்தப் பாழாய்ப்போன சீட்டு வந்து நிற்கிறது.

படிவத்தைத் தபாலில் சேர்க்கக் கடைசி நாள் நாளை. இன்று நான்கு மணிக்கு, துணி மாற்றும் நேரத்தில், இந்தக் கதையை அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். உறை தபாலில் போகட்டும், போகாமல் இருக்கட்டும். தன்னைத் திட்டியவன்தான் எழுப்புகிறான் என்று தெரிந்துகொண்டு அவர் முடிவு செய்ய வேண்டும்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் எழுந்து போய்ப் பலகையிலிருந்து பூட்டைக் கழற்றுகிறார். ஒன்றில் அறை மட்டும் விழுகிறது, காபி இல்லை. இன்னொன்றில் சீட்டு எழுதியது யாரென்று அவருக்கு முதல் நாளே

(பலகையில் நான்கு மணித் துளையில் என் பூட்டுதான் தொங்கியது. பதினெட்டு வீட்டில் புகார்ச் சீட்டுக்கு எண் போட்டு எழுதுகிற ஆள் வேறு யார்? இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.)

மணி மூன்று இருபத்தெட்டு. இன்னும் இரண்டு நிமிடத்தில் நான் அடிக்க வேண்டும்.

போன் அடிக்கிறது. ஒன்று. இரண்டு. நின்றுவிட்டது.

இன்றைக்கு அவர் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். எழுதிக்கொண்டே நான் தூங்கியிருப்பேன் என்று நினைத்திருப்பார். காகிதங்களை எடுத்துக்கொண்டு கீழே போகிறேன்.

6

(இந்த முடிவு குன்வோருடையது. அவர் தரும் வரை, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.)