கும்பிட்டவன் புண்

ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் அவளைக் கட்டுக்கார அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நர்ஸாகச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம்; முக்கால்வாசியும் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டே கழிந்தது. சீழோ, அழுகலோ, நாற்றமோ, எதற்கும் அவள் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. புதிதாக வந்த டாக்டர்கள் ஜன்னல் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டு கேள்வி கேட்பார்கள். அவளோ சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதுபோல நிதானமாகக் கட்டைப் பிரித்து, குனிந்து பார்த்து, "நேத்துக்கு இன்னிக்கு தேவலை" என்பாள்.

அவளுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதைக் கொடி பிடித்துச் சொன்னதுமில்லை, ஒளித்ததுமில்லை. யாராவது கேட்டால், "இருக்கிற மாதிரி தெரியலைங்க" என்று சொல்லிவிட்டுப் பஞ்சை எடுப்பாள்.

அவளுடைய அண்ணன் டவுன் பஸ் டிரைவர். எட்டு வயது மூத்தவர். நாற்பத்தெட்டு வயதான தங்கையை இன்றைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். சர்க்கரை வியாதி வந்து பத்து வருடமாகிறது. இரண்டு வருடமாக ஒரு பிரார்த்தனைக் கூட்டத்தில் சேர்ந்திருந்தார். கூட்டத்தை நடத்துகிறவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கைக்குட்டை, யாரிடமும் குரலை உயர்த்தாத மனுஷன். கெட்டவர் என்று ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். கட்டுக்கார அக்காவும் அதுவரை சொன்னதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணி அண்ணனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். அண்ணன் வருவதற்கு முன்னாலேயே நாற்றம் வந்துவிட்டது. எந்த மாதிரிப் புண் என்று கட்டுக்கார அக்காவுக்கு அந்த வாசலிலேயே தெரிந்துபோயிற்று. யாருடைய புண் என்றுதான் தெரியவில்லை.

வலது காலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருந்தார்கள். பிரித்தாள். உள்ளங்காலில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குழி. விரல்கள் கறுத்திருந்தன. குழிக்குள் வெள்ளையாக ஏதோ நெளிந்தது.

"எத்தனை நாளாச்சு அண்ணே?"

"பதினோரு நாள். செருப்புல ஆணி குத்தியிருக்கு பாப்பா. ரெண்டு நாள் அதோடவே வண்டி ஓட்டியிருக்கேன். வலிக்கவே இல்லை."

"மாத்திரை?"

அண்ணிதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "மாத்திரை போட்டா சந்தேகப்படறோம்னு அர்த்தமாம். தினம் சாயங்காலம் அவர் வந்து எண்ணெய் தடவிக் கும்பிட்டுட்டுப் போனார்."

கட்டுக்கார அக்கா டர்பன்டைனைப் பஞ்சில் நனைத்துக் குழியில் வைத்தாள். சற்று நேரத்தில் புழுக்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. இடுக்கியால் பிடித்துத் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள். இந்தப் புழுவை அவளுக்கு நன்றாகத் தெரியும். தலையைச் சதைக்குள் விட்டுக்கொண்டே தின்பதற்கு வசதியாக மூச்சு விடும் துளை அதற்குப் பின்பக்கத்தில் இருக்கிறது. வாயில் கொக்கி. ஒருத்தர் உட்கார்ந்து யோசித்துச் செய்ததுபோல அத்தனை கச்சிதம். இன்னொரு பக்கம், ஆபத்து வந்தால் கத்திச் சொல்லவேண்டிய வலி, சர்க்கரைக்காரனின் காலில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறது. ஒரு வீட்டுக்கு இப்படி வயரிங் பண்ணினால் எலக்ட்ரீஷியனை அன்றைக்கே துரத்திவிடுவார்கள். இதையெல்லாம் யாரும் செய்யவில்லை, தானாக நேர்ந்தது என்றால் அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. அன்பே உருவான ஒருத்தர் பார்த்துப் பார்த்துச் செய்தார் என்று நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று சர்ஜன் சொல்ல மூன்று நாளாயிற்று.

அந்த மூன்று நாளும் பக்கத்துக் கட்டிலில் ஒரு சமையற்காரன் கிடந்தான். ஓட்டலில் வேலை. முப்பது வயதுகூட ஆகவில்லை. கோழி வெட்டும்போது கத்தி விரலில் பட்டிருக்கிறது. அன்றைக்கே டாக்டரிடம் போய் ஊசியும் போட்டுக்கொண்டான். செய்யவேண்டியதை எல்லாம் ஒழுங்காகச் செய்தவன். ஆனாலும் சதையைத் தின்னும் கிருமி தோள்வரை ஏறிவிட்டது. கையைக் கீறிக் கீறி வடித்தார்கள். கட்டுக்கார அக்கா காலையும் மாலையும் அவனுக்குக் கட்டு மாற்றுவாள். வலி தாங்காமல் துடிக்கும்போதுகூட, "அக்கா, உங்களுக்குத்தான் சிரமம்" என்பான். அவன் மனைவி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.

ஜவுளிக்கடைக்காரர் பார்வையாளர் நேரத்தில் தவறாமல் வந்தார். அண்ணன் தலையில் கை வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டார். சமையற்காரன் மனைவி, "எங்களுக்காகவும் கும்பிடுங்கய்யா" என்று கெஞ்சினாள். அவனுக்கும் செய்தார். அதே கை, அதே வார்த்தை, அதே ஐந்து நிமிஷம். ஓரவஞ்சனை இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சமையற்காரன் செத்துப்போனான்.

அன்று சாயங்காலம், உடலைக் கொடுக்கும் காகிதம் தயாராவதற்காக அவன் மனைவி வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஜவுளிக்கடைக்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார். கையில் ட்ரேயோடு அந்த வழியாகப் போன கட்டுக்கார அக்காவின் காதில் விழுந்தது.

"கடவுள் கைவிடறவர் இல்லைம்மா. நம்ம நம்பிக்கையிலதான் எங்கயாவது சின்னதா ஒரு விரிசல் இருந்திருக்கும். யோசிச்சுப் பாருங்க."

அந்தப் பெண் உண்மையிலேயே யோசித்தாள். அதுதான் கொடுமை. நெற்றியைச் சுருக்கி, தொலைத்த சாவியைத் தேடுகிறவள்போலத் தேடி, "கத்தி பட்ட அன்னிக்குக் காலையில அவரோட சண்டை போட்டேன். பேசாமயே வேலைக்கு அனுப்பிட்டேன். அதுவா இருக்குமாய்யா?" என்று கேட்டாள்.

"இருக்கலாம்மா" என்றார் அவர், கைக்குட்டையை அவளிடம் நீட்டியபடி.

கட்டுக்கார அக்காவுக்கு வாயில் எச்சில் ஊறிக் குமட்டிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எந்தப் புண்ணும் செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்தது. ட்ரேயைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தாள்.

"எழுந்திருங்க" என்றாள்.

"என்ன சிஸ்டர்?"

"வார்டுப் பக்கம் இனிமே உங்களைப் பாக்கக் கூடாது. எங்க அண்ணன் கால்ல தினம் எண்ணெய் தடவினீங்க. அதை நான் வாயை மூடிட்டுப் பொறுத்துக்கிட்டேன். இந்தப் பொண்ணு தலையில இதைக் கட்டிட்டுப் போக விடமாட்டேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பரிதாபமாகப் பார்த்தார். "உங்களுக்காகவும் கும்பிடறேன்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்தப் பரிதாபம் அவள் மேலெல்லாம் ஒட்டிக்கொண்டதுபோல இருந்தது.

அவள் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இங்க பாரும்மா. அது கிருமி. நீ சண்டை போட்டியா, கொஞ்சினியான்னு அதுக்குக் கேக்கத் தெரியாது. நீ எந்தத் தப்பும் பண்ணலை. அவரும் பண்ணலை."

அந்தப் பெண், "கிருமின்னா, நான் யார்கிட்டக்கா போய்க் கேக்கறது?" என்றாள்.

கட்டுக்கார அக்கா ட்ரேயை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜவுளிக்கடைக்காரர் புகார் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. பெருந்தன்மை. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வீடு திரும்பியிருந்த அண்ணன் கூப்பிட்டார். கூட்டத்தில் தன்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்களாம்.

"நீ ஒண்ணும் கும்பிட வேணாம் பாப்பா. வந்து உக்காந்தா போதும். நீ இல்லாம எனக்கு மேடை ஏற பயமா இருக்கு."

அண்ணன் பயமா இருக்கு என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. போனாள். ஜவுளிக்கடை மாடியில் பெரிய கூடம். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் இரண்டு ஃபேன், மூலையில் துணி மூட்டைகள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

அண்ணன் ஊன்றுகோலோடு ஏறி நின்று பேசினார். ஆணி குத்தியது, மயக்கம், ஆஸ்பத்திரி. எண்ணெயைப் பற்றி மூச்சுவிடவில்லை. நிறுத்திவைத்த மாத்திரையைப் பற்றியும்தான். பக்கத்தில் நின்ற ஜவுளிக்கடைக்காரர், "பக்கத்துக் கட்டிலைப் பத்தியும் சொல்லுங்க" என்று எடுத்துக்கொடுத்தார்.

அண்ணன் தடுமாறினார். பிறகு, "பக்கத்துல ஒரு சின்ன வயசுக்காரர். கடவுள் அவரை எடுத்துக்கிட்டார். என்னை வச்சிருக்கார். எனக்கு என்னமோ வேலை வச்சிருக்கார்" என்றார். கூடமே கை தட்டியது.

அப்போதுதான் அவள் பார்த்தாள். முதல் வரிசையில், நாற்காலி நுனியில், சமையற்காரன் மனைவி. அவளும் கை தட்டிக்கொண்டிருந்தாள். விரிசலை அடைக்க வந்திருக்கிறாள்.

கட்டுக்கார அக்கா எழுந்து முன்னால் போய், குனிந்து, "வாம்மா, வெளியில போய் ஒரு டீ குடிக்கலாம்" என்றாள்.

அந்தப் பெண் அவள் கையை மரியாதையாக விலக்கினாள். "இருங்கக்கா. முடியட்டும்."

தனியாகத்தான் படியிறங்கினாள். தெருவில் நின்றபோது வெறும் வயிற்றில் அழுக்குத் தண்ணீரைக் குடித்ததுபோல இருந்தது.

மறுநாள் கட்டு மாற்ற அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் காலை நீட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பியிருந்தார்.

"அத்தனை பேர் முன்னாடி எழுந்து போயிட்டே. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"அந்தப் பொண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் அண்ணே? அவ புருஷன் செத்ததை நீங்க உங்களுக்குக் கிடைச்ச பரிசு மாதிரி சொல்றீங்க. அவ கை தட்டறா."

"நான் பொழச்சது உனக்குச் சந்தோஷம் இல்லையா?"

"இல்லாமயா தினம் ரெண்டு பஸ் மாறி வர்றேன்?" கட்டைப் பிரித்தபடியே சொன்னாள். "இருபத்திரண்டு வருஷமா புண்ணைப் பிரிச்சுப் பாக்கறேன். நல்லவன், திருடன், கும்பிடறவன், கும்பிடாதவன், எல்லாரையும் பாத்தாச்சு. கும்பிட்டவன் புண்ணு இதுதான்னு ஒண்ணைத் தனியா எடுத்துக் காட்ட என்னால முடியலை. எல்லாம் ஒரே மாதிரி ஆறுது, ஒரே மாதிரி அழுகுது. யாரோ மேல இருந்து பாத்துட்டு இருந்தா, ஏதாவது ஒரு வித்தியாசம் தெரிஞ்சிருக்கணும் இல்லையா? எனக்கு இதுதான் காரணம். பெரிய படிப்பெல்லாம் இல்லை."

அண்ணன் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். கண்ணை மூடினா கால் இருக்கிற மாதிரியே அரிக்குது பாப்பா. சொறியக் கையைக் கொண்டுபோனா ஒண்ணுமில்லை. அந்த நேரத்துல நான் யாரைக் கூப்பிடறது?"

"என்னைக் கூப்பிடுங்க. ஃபோன் இருக்கில்ல?"

"நீ டியூட்டியில இருப்பே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. பேச்சை அத்தோடு விட்டாள். மாத்திரையை நிறுத்தமாட்டேன் என்று மட்டும் வாக்கு வாங்கிக்கொண்டாள். கட்டு மாற்றும் நேரத்தில் அந்த ஜவுளிக்கடைக்காரர் பேச்சை எடுக்கக் கூடாது என்று இன்னொரு வாக்கும்.

முதல் வாக்கை அண்ணன் காப்பாற்றினார். இரண்டாவதை ஒரு வாரம் கழித்து மீறினார். ஆனால் ஜவுளிக்கடைக்காரர் பேச்சை எடுத்தது புகழ்வதற்காக இல்லை.

"அடுத்த கூட்டத்துலயும் பேசச் சொன்னார். அந்தச் சமையற்காரப் பையனை இழுக்காம பேசறேன்னேன். அப்ப வேணாம்னுட்டார்."

"ம்."

"நான் இன்னும் கும்பிடத்தான் செய்றேன். அதை விடமாட்டேன்."

"விடச் சொல்லலையே. காலை ஆட்டாதீங்க."

புண் சுத்தமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. அவள் குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தாள். நாற்றம் இல்லை. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான், ஜன்னல் வழியாக ஜவுளிக்கடை மாடியும் அதன் படியில் செருப்புகளும் தெரிந்தபோது, அந்தக் குமட்டல் மறுபடி வந்தது. சமையற்காரன் மனைவி இன்றைக்கும் மேலேதான் இருப்பாள் என்று தோன்றியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள். எப்படிக் கூப்பிடுவது, கூப்பிட்டால் வருவாளா என்றெல்லாம் தெரியாமலே எதிர்க் கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு, கூட்டம் முடியட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள்.