எட்டாவது துப்பட்டி

செந்தமிழ்செல்வன் சாருக்கு அரபு எழுத்தை எங்கே பார்த்தாலும் கைகூப்பத் தோன்றும். பிரியாணிக் கடைப் பலகையில் பார்த்தாலும் தலை லேசாகக் குனியும். அந்தக் கும்பிட்டை வைத்துத்தான் அவரைக் கவிழ்த்தேன். அதற்காக இன்றுவரை ஒரு துளி வருத்தமும் எனக்கு இல்லை. வருத்தம் எல்லாம் வேறு ஒன்றுக்கு.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் சமகாலக் கலையில் முதுகலை படிக்கிறேன். கலைப்படைப்பு செய்வது, விமர்சனம் எழுதுவது, கண்காட்சி அமைப்பது மூன்றும் பாடம். மூன்றிலும் என் கைடு அவர்தான். முதல் வருட ரிவ்யூவுக்கு ஏழு வெள்ளைத் துப்பட்டிகளைச் சுவரில் தொங்கவிட்டேன். உம்மா புர்காவுக்கு மாறுவதற்கு முன்னால் போர்த்திக்கொண்டவை. ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழ்வரை கறுப்பு மையில் எழுதியிருந்தேன். மூன்று மாத வேலை. இரண்டு விரல்கள் மரத்துப்போயிருந்தன.

சார் போனில் பேசிக்கொண்டே உள்ளே வந்தார். ஏழையும் பார்த்து முடிக்க நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. குர்ஆன் ஆயத்தா, நல்லா இருக்கு என்றார். இது அரபு இல்லை சார் என்று நான் ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மதிப்பீட்டுத் தாளில் சிவப்பு மையில் எழுதினார்: சமகாலத்தன்மை இல்லை. விடுதி அறையில் வைக்க இடம் இல்லாததால் துணிகள் ஸ்டோர் ரூமுக்குப் போயின. அதன் சாவி அவரிடம் இருந்தது.

அது உண்மையிலேயே அரபு இல்லை. அரபு எழுத்தில் எழுதிய தமிழ். அர்வி என்போம். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குக் கூடுதலாகச் சில புள்ளிகள் வைத்தால் போதும், எல்லாவற்றையும் எழுதிவிடலாம். வாப்பா அப்துல் ஹக் ஜித்தாவில் எட்டுப் பேர் தங்கிய அறையில் இருந்தபோது உம்மா அவருக்கு இப்படித்தான் கடிதம் போட்டார். அறையில் இருந்த தமிழ் ஆட்களுக்கு அந்த எழுத்து வராது, ஊரில் இருந்த அரபிகளுக்கு அந்தப் பேச்சு புரியாது. புருஷனிடம் மட்டும் சொல்ல வேண்டியதை உம்மா அதில் கொட்டியிருந்தார். வாப்பா திரும்பி வந்தபோது கடிதங்களையும் கட்டிக் கொண்டுவந்தார். கடலூர் ஓ.டி.யில், பழைய டவுனில், எங்கள் வீட்டு பீரோவில், பிஸ்கட் டின் ஒன்றுக்குள் அவை கிடந்தன. அவற்றைப் பார்த்துத்தான் துணிகளில் எழுதியிருந்தேன். எனக்கு அந்த எழுத்தைச் சொல்லிக் கொடுத்ததும் உம்மாதான்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் போனுக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. புதுச்சேரியில் செந்தமிழ்செல்வனின் தனிக் கண்காட்சி. தலைப்பு, 'வெண்மையின் வணக்கம்'. படத்தில் என் ஏழு துணிகள். பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது துணிக்குக் கீழே 'மறுமையின் மௌனம்' என்று அட்டை வைத்திருந்தார். அந்தத் துணியில் இருப்பது மிக்சி ஜார் சண்டை. ஜாரை உடைத்தது வாப்பாவின் அக்கா, பழி விழுந்தது உம்மா மேல். மறுமையும் இல்லை, மௌனமும் இல்லை. சிரிப்பு வந்தது. வெளியே வந்து கடற்கரையில் உட்கார்ந்தபோது அழுகையும் வந்தது.

துறைத் தலைவரிடம் புகார் கொடுத்தேன். கருத்து தன்னுடையது, எழுதிக் கொடுத்த உதவியாளர் மட்டும்தான் ரூமானா என்று சார் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். வைவா மார்க் அவர் கையில் இருக்கிறது, யோசித்துக்கொள் என்றார் தலைவர். யோசித்தேன். அன்றிலிருந்து சாருக்கு வணக்கம் வைக்கும்போது சிரிக்கவும் பழகிக்கொண்டேன்.

நான் காத்திருந்தது டிசம்பரில் தானாக என்னிடம் வந்தது. சென்னையிலிருந்து அருள்மொழி என்ற கியூரேட்டர் வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றுக்குப் படைப்புகளைத் தேர்வு செய்ய வருகிறார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கேலரியில் சார் துணிகளை மறுபடி தொங்கவிடுகிறார். வாசலுக்கு நேராகப் பெரிய துணி ஒன்று வேண்டும். புதுத் துணியை அவரே வாங்கி என் கையில் கொடுத்தார்.

"இன்னொண்ணு எழுதிக் குடும்மா. எந்த ஆயத்துன்னாலும் பரவால்ல, நீயே பாத்துப் போட்டுடு."

சரி சார் என்றேன். அத்தோடு நிற்கவில்லை. திறப்பு விழாவில் யாராவது அதை மைக்கில் ஓதினால் நன்றாக இருக்கும், என் உம்மா நன்றாக ஓதுவார் என்றும் சொன்னேன். சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மதநல்லிணக்கம் என்று அழைப்பிதழிலேயே அச்சடித்தார்.

பத்து நாளில் எழுதி முடித்தேன். ஒவ்வொரு புள்ளியையும் அவர் நெற்றியில் வைப்பதாக நினைத்து வைத்தேன். உம்மாவிடம், ஒரு துணியில் நாலு வரி இருக்கும், படித்துவிட்டு வந்துவிடலாம் என்று மட்டும் சொன்னேன். மைக் வாசல் பக்கம்தான் இருக்கும். பழைய ஏழும் உள்கூடத்தில் தொங்கும். உம்மா அங்கே போக வேண்டிய வேலையே இல்லை. என் கணக்கு அதுதான்.

கணக்கைக் கெடுத்தது சாரின் மரியாதை. புர்கா போட்ட அம்மாவை ஆம்பளைகள் நிற்கும் வாசல் வழியாக வரச் சொல்லக் கூடாது என்று அவராகவே முடிவு செய்து, பக்கவாட்டுக் கதவு வழியாக உள்கூடத்தில் தனி நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார். டவுன் பஸ்ஸில் வந்த உம்மா எங்கே என்று நான் வாசலில் தேடிக்கொண்டிருந்தேன். உம்மா அரை மணி நேரமாக உள்ளே, தன் துப்பட்டிகளுக்கு நடுவில், தன் கடிதங்களைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மெகருன்னிசா என்று பெயரைக் கூப்பிட்டதும் உம்மா நடந்து வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, எல்லாவற்றையும் படித்துவிட்டார். மைக்கை வாங்கி, வாசலுக்கு நேரே தொங்கிய துணியை நிமிர்ந்து பார்த்தார். சார் கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டார். உம்மா ராகம் எதுவும் போடாமல், வரி வரியாகப் படித்தார்.

"உள்ளே தொங்குற ஏழும் சாமி வசனம் இல்ல, தமிழ். அத எழுதினவ ரூமானா. சமகாலத்தன்மை இல்லன்னு சொல்லிட்டு அதத் திருடினவரு செந்தமிழ்செல்வன். இத இங்க மாட்டினவரும் அவரேதான்."

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. சார் கண்ணைத் திறந்தார், கூப்பிய கையைப் பிரிக்க மறந்துபோயிருந்தார். அருள்மொழி என்னிடம் வந்து ஆதாரம் உண்டா என்று கேட்டார். சிவப்பு மை போட்ட மதிப்பீட்டுத் தாளை நீட்டினேன். என் பெயர், ஏழு துணிகள் என்ற குறிப்பு, அவர் கையெழுத்து, தேதி எல்லாம் அதில் இருந்தன. உள்கூடத்துக் கதவு வழியாகத் தெரிந்த மூன்றாவது துணியைக் காட்டி, அதில் என்ன இருக்கிறது என்று அருள்மொழி சாரைக் கேட்டார். அவர் துணியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார். இத்தனை மாதம் நான் சிரித்துச் சிரித்து வைத்த வணக்கத்துக்கெல்லாம் அந்த ஒரு நிமிஷம் போதும். அவ்வளவு இனித்தது.

உம்மா மைக்கைக் கீழே வைக்கவில்லை.

"இவரு திருடினாருன்னு எம் பொண்ணு எழுதியிருக்கா. சரிதான். ஆனா அந்த ஏழும் நான் எம் புருஷனுக்குப் போட்ட கடுதாசி. துணியும் என்னுது. இவரும் அவளக் கேக்கல, அவளும் என்னக் கேக்கல."

மைக்கை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனார். ஏழையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து மடித்தார். தடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. சாரின் அட்டைகள் மட்டும் வெறும் சுவரில் நின்றன. என் வைவாவுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. காட்டுவதற்கு என்னிடம் இருந்த வேலை அத்தனையும் உம்மாவின் கையில் மூட்டையாகிக்கொண்டிருந்தது.

ஓ.டி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூட்டை அவர் மடியில் இருந்தது. பரீட்சைக்கு ஒரு வாரம் மட்டும் கொடுங்கள், யாராலும் படிக்க முடியாது என்று கெஞ்சினேன். எனக்குத் தெரியும், நான் சொன்னது சார் சொல்லியிருக்கக் கூடியதுதான். உம்மா மூட்டையின் முடிச்சை இறுக்கினார். கெடிலம் பாலம் தாண்டியதும் பேசினார்.

"எட்டாவது உன்னுது. அத எடுத்துக்க. அதுல ஒரு வரி கொறையுது, எழுதிடு."

எந்த வரி என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

கல்லூரி சாரை எல்லாப் பொறுப்பிலிருந்தும் நீக்கியது. வைவாவுக்கு வெளித் தேர்வாளராக வந்தவர் அருள்மொழி. பெரிய சுவரில் அந்த ஒரே துணியைத் தொங்கவிட்டிருந்தேன். அவர் அதன் முன்னால் வந்து நின்றார். மேலே இருப்பது அன்றைக்கே உன் உம்மா படித்தது, கீழே மை புதிதாக இருக்கிறதே, அது என்ன வரி என்றார். நான் எழுந்து நின்று படித்தேன்.

"முதல்ல திருடினவ ரூமானா. மெகருன்னிசாகிட்ட இருந்து."