நாற்பத்தோரு நாற்காலி வீடு

வீட்டில் நாற்பத்தோரு நாற்காலிகள் இருந்தும் உட்கார இடமில்லாமல் போனதால், பம்பு முதலாளியின் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்குச் சமையலறை ஜன்னலோரம் காற்றில் உட்கார்ந்தார். மடியில் தட்டு இருந்தது, தட்டில் அரைக் கிலோ வெங்காயம் இருந்தது. பாதி உரித்த பிறகுதான் தனக்குக் கீழே எதுவும் இல்லை என்பதைக் கவனித்தார். எழுந்து மட்டும் என்ன ஆகப்போகிறது என்று மீதியையும் அப்படியே உரித்து முடித்தார். தரையிலிருந்து பதினாறரை அங்குலம் என்று பிற்பாடு மரச்சாமான் பாலிஷ்காரர் டேப் வைத்து அளந்து சொன்னார். நாற்காலிக்கு அது கொஞ்சம் குறைச்சல், ஸ்டூலுக்குச் சரியான உயரம்.

இது எப்படி ஆரம்பித்தது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். பம்பு முதலாளி இருபத்தாறு வருஷம் தண்ணீர் பம்பு செய்து விற்றவர். கம்பெனியை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த முதல் மாதத்தில், ஒரு வக்கீல் வீட்டுக்கு விருந்துக்குப் போனார். ஹாலில் கிடந்த நாற்காலியில் உட்காரப் போனவரை வக்கீல் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, "சார், அது பாக்குற நாற்காலி" என்றார். இன்னொருவராக இருந்தால் கோபம் வந்திருக்கும். நம்மவருக்கு ஆசை வந்துவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேரை வேலைக்கு வைத்திருக்கிறார், வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார், ஆனால் ஒரு மனிதனை முழங்கையைப் பிடித்து இவ்வளவு கௌரவமாக நிறுத்தியதில்லை. தன் வீட்டிலும் ஒருவரை அப்படி நிறுத்தியே தீருவது என்று திரும்பி வரும்போது காரிலேயே முடிவு செய்தார். முதலில் நிறுத்தப்பட்டவர் அவர் மனைவி. வீட்டில் வேறு யாரும் இல்லை. ஒரே மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தாள்.

நாற்காலிகள் வந்த வழி கரையான் கடை. பழைய சாமான் வியாபாரியான கடைக்காரருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்தார்கள். அவர் ஒரு வீட்டுக்குள் போய் வந்தால் வெளியே சுவர் அப்படியே நிற்கும், உள்ளே மரம் எதுவும் இருக்காது. கரையான் நாற்காலியை எதிரே நின்று பார்க்க மாட்டார். சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, அடிப்பக்கத்தைப் பார்ப்பார். இழுப்பறையைத் திறந்து மோந்து பார்ப்பார். விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொள்ளும்போது அந்த நாற்காலிக்கு இருநூறு வயது ஆகியிருக்கும். கைப்பிடித் தேய்மானத்தையும் பலகை நடுவில் விழுந்திருக்கும் பள்ளத்தையும் காட்டி, "நாலு தலைமுறை உக்காந்த பள்ளம் சார், இதுக்குத்தான் விலையே" என்பார். அந்தப் பள்ளத்தைப் பார்த்த மனைவி ஒருநாள் கணவரிடம், "நாலு தலைமுறை உக்காந்ததுக்குத்தான் விலைன்னா, நாம உக்காராம விட்டா அடுத்த தலைமுறைக்குப் பள்ளம் எங்கங்க இருக்கும்?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் கேட்கும்போது அவர் ஒரு கையை அந்த நாற்காலியின் மேல் ஊன்றியிருந்ததால், "மொதல்ல கைய எடு" என்பதே பதிலாக வந்தது.

நாற்காலிகளோடு மற்றவையும் வந்தன. சாவி இல்லாத அலமாரி ஒன்று, மணி தப்பாக அடிக்கும் கடிகாரங்கள் ஆறு, முகம் தெரியாத கண்ணாடி ஒன்று, யாரோ ஒரு குடும்பத்தின் மீசைக்காரக் கொள்ளுத்தாத்தா ஒருவர் சட்டத்தோடு. வந்தவற்றுக்கு இடம் விட்டு, இருந்தவை வெளியே போயின. முதலில் சோபா போயிற்று. ஹாலின் மானத்தை வாங்குகின்றன என்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் போயின. படுக்க ஓர் இரும்புக் கட்டில் மிச்சமிருந்தது. பகலில் அதன்மேல் பட்டுத் துணி தைத்த நாற்காலிகள் மூன்றை ஏற்றி வைப்பார்கள், படுக்கும் நேரத்துக்கு இறக்குவார்கள். தரையில் உட்காரலாமென்றால், தெருவில் எல்லோரும் அம்மா என்று கூப்பிடும் முதலாளி மனைவியின் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சீட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். மூன்றாம் வருஷம் சமையலறைக்குள் தண்ணீர் குடிக்க வந்த கரையான், அம்மா உட்கார்ந்திருந்த ஸ்டூலைப் பார்த்துத் தண்ணீரைக் கீழே வைத்தார். "கொஞ்சம் எந்திரிங்கம்மா" என்று சொல்லி மல்லாந்து படுத்தார். அன்று மாலையே ஸ்டூல் ஹாலுக்குப் போயிற்று, பக்கத்தில் வயது பொறித்த பித்தளைத் தகடும் வந்தது.

அன்று முதல் எட்டு வருஷம் அம்மா நின்றார். சமைத்ததும் நின்றபடி, சாப்பிட்டதும் நின்றபடி, மகளோடு போனில் பேசியதும் நின்றபடி. பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சற்று உட்கார்ந்து பார்த்தார். "உங்க வீட்டுல இல்லாத நாற்காலியாக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள், அதோடு அதையும் விட்டார். முதலாளி ஐயாவும் வீட்டில் நின்றுகொண்டுதான் இருந்தார், ஆனால் அவருக்குக் கரையான் கடையில் வாடிக்கையாளர் ஸ்டூல் ஒன்று இருந்தது. ஆசை யாரை விட்டது, ஒருநாள் அதையும் விலை பேசி வாங்கி வந்துவிட்டார். நாற்பத்தோராவது அதுதான். அது வீட்டுக்கு வந்த மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

மனைவி காற்றில் உட்கார்ந்திருப்பதைக் கண்ட பம்பு முதலாளி, முதலில் ஹாலுக்கு ஓடி நாற்காலிகளை எண்ணினார். எல்லாம் சரியாக இருந்ததும் திரும்பி வந்து, மனைவிக்குக் கீழே கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. எதுவும் தேய்ந்துபோக வழியில்லை என்று தெரிந்ததும் அவருக்கு நிம்மதி. தெருவும் இரண்டே நாளில் பழகிக்கொண்டது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் பார்த்துவிட்டு, "முதுகுக்கு ஒரு தலகாணி வெச்சுக்கலாம்ல" என்று மட்டும் சொன்னார். ஐயாவின் தங்கை வந்தபோது, அண்ணிக்கு முடிந்தது எனக்கு முடியாதா என்று அதே இடத்தில் உட்காரப் போய்த் தரையில் விழுந்தார். அண்ணி வேண்டுமென்றே நகர்த்திவிட்டாள் என்று இன்றுவரை சொல்லி வருகிறார். மாதம் ஒருமுறை நாற்காலிகளுக்கு மெருகேற்ற வரும் பாலிஷ்காரர் மட்டும், டீ குடிக்கிற நேரத்தில் அதே ஜன்னலோரம் யோசிக்காமல் உட்கார்ந்தார், உட்கார முடிந்தது. முப்பது வருஷமாக நின்றும் குனிந்தும் வேலை பார்த்த உடம்பு அது. அங்கே உட்கார்ந்துதான் அவர் ஒருநாள், ஹாலில் இருப்பதில் பாதிக்கு மேல் தானே செய்தது என்று சொன்னார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டீத்தண்ணீரில் நிறம் ஏற்றி, ஊசியால் பூச்சித் துளையும் போட்டுக் கரையானுக்குக் கொடுத்தாராம். "ஐயாகிட்ட சொல்லலையா?" என்று அம்மா கேட்டார். "ஐயா கேக்கலையேம்மா" என்றார் பாலிஷ்காரர்.

ஒன்றரை வருஷம் அம்மா சுகமாக உட்கார்ந்தார், முழங்கால் வீக்கம் வடிந்தது. அதற்குள் கரையானுக்குச் செய்தி எட்டிவிட்டது. டார்ச்சோடு வந்தார், அம்மாவை எழுந்திருக்கச் சொன்னார், மல்லாந்து படுத்தார். பிறகு எழுந்து தானும் உட்கார்ந்து பார்த்து, பொத்தென்று விழுந்தார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர் அவர். விழுந்த இடத்திலிருந்தே காற்றை முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, "தேக்கு இல்ல சார், தேக்குக்கும் முந்தினது" என்றார். தன் வீட்டிலேயே மிகப் பழைய சாமான் சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே கிடக்கிறதே என்று பம்பு முதலாளிக்குத் தாங்கவில்லை. மறுநாள் நான்கு ஆட்கள் வந்து காற்றைத் தூக்கினார்கள். "பாத்து, பாத்து, கால் இடிக்குது" என்று ஒருவர் கத்த, நிலைப்படியில் பக்கவாட்டில் திருப்பி, ஹாலின் நடுவில் மெதுவாக இறக்கினார்கள். கனம் அதிகம் என்று கூலி கூடக் கேட்டார்கள், கிடைத்தது. சுற்றிலும் பட்டுக் கயிறு கட்டி, மேலே விளக்குப் போட்டு, 'உட்காரக் கூடாது' என்று தகடு வைத்தாயிற்று.

பார்க்க வந்தவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அங்கே ஒன்றுமில்லை என்று எல்லோரும் வாய்விட்டே சொன்னார்கள். ஒன்றுமே இல்லாத இடம் அந்த ஹாலில் அது ஒன்றுதான். சாமான்களுக்கு நடுவே ஒருக்களித்து நடந்து வந்து, அந்த நாலடிச் சதுரத்துக்கு எதிரே நின்றதும் ஆளாளுக்குப் பெருமூச்சு விட்டார்கள். வக்கீல் வந்து அரைமணி நேரம் நின்றார். "இவ்வளவு அழகா ஒண்ணு எங்கிட்ட இல்ல" என்று போகும்போது பொறாமையோடு சொன்னார். பம்பு முதலாளி அவர் முழங்கையை இரண்டு முறை பிடித்து நிறுத்தினார். பன்னிரண்டு வருஷக் கனவு பலித்தது.

அம்மா மறுபடி நின்றார். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கவில்லையா என்று கேட்கலாம். தூக்கிக்கொண்டு போன பிறகு அங்கே என்ன இருக்கும் என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து கணவர் சொன்னதை நம்பிப் பழகியவர். பன்னிரண்டு நாளில் முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியது. பதின்மூன்றாம் நாள் பட்டுக் கயிற்றுக்கு வெளியே நின்று, "என்னங்க, யாரும் வராத நேரத்துல ஒரு அரைமணி உக்காந்துக்கறேன்" என்றார். கேட்டதில் காசு செலவு ஒன்றும் இல்லை. பம்பு முதலாளியோ, இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கிற கதையாக இருக்கிறதே என்று சொல்லி, "மெருகு போயிடும்" என்றார். அம்மா நான்கு புடவைகளைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். பேருந்து நிறுத்தத்தில் பெஞ்சு உடைந்து கிடந்தது. நின்றார், வண்டி வரவில்லை, வலி பொறுக்கவில்லை. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று உடம்பைத் தாழ்த்தினார். பதினாறரை அங்குலத்தில் அது அங்கேயும் இருந்தது.

அங்கேயே அம்மா அழுதார், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் மூட்டுவலி என்று சொன்னார். மகள் வீட்டில், துணிக் குவியலைத் தள்ளிவிட்டு மகள் ஒரு சாதாரண மர நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதிலும் உட்கார்ந்தார். எது அருகில் இருக்கிறதோ அதில் உட்கார்வது அவருக்கு வழக்கமாயிற்று.

இங்கே பம்பு முதலாளி தனியாக நின்றார். கரையான் கடையை மூடிக்கொண்டு எங்கோ போய்விட்டார். தூசி தட்டவும் சமைக்கவும் அவரே ஆனார். மூன்று மாதத்தில் கால் கெஞ்ச ஆரம்பித்தது. யாருமில்லாத ஒரு மத்தியானம் பட்டுக் கயிற்றை அவிழ்த்து உள்ளே போய் உட்கார்ந்து, இடுப்பில் நல்ல அடி பட்டுக்கொண்டு, மனைவிக்குப் போன் செய்தார். "ஏம்மா, இதுல எப்படித்தான் உக்காருற?" என்றார். மறுநாள் வந்த அம்மா முதலில் இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டார். பிறகு பாலிஷ்காரர் சொன்னதைச் சொல்லி, "போலிதாங்க, போய் தைரியமா உக்காருங்க" என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். பம்பு முதலாளி போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் அவர் வாய் பழக்கதோஷத்தில் "எந்திரி!" என்று அதட்டியது, அவர் பதறி எழுந்தார். இன்னொன்றில் உட்கார்ந்தார், அங்கேயும் அதே கதை. நாற்பத்தொன்றிலும் பார்த்தாயிற்று.

"அப்ப உன்ன மாதிரியே உக்காரணும்னா என்ன பண்ணணும்?"

"நிக்கணுங்க."

"நின்னுக்கிட்டுதானே இருக்கேன்?"

"நான் எட்டு வருஷம் நின்னேன்" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பருப்பு வேக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

இப்போது ஐந்து வருஷம் ஆகிறது. அம்மா மகள் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறார். பட்டுக் கயிற்றுக்கு வெளியே தோதான இடமாகப் பார்த்துக் காற்றில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார். ஐயா எதிரே நின்று உரிக்கிறார், வாரத்துச் செய்திகளைச் சொல்கிறார், சிலசமயம் முழங்காலைப் பற்றிக் கேட்கவும் செய்கிறார். போன மாதம், கீழே உருண்ட வெங்காயம் ஒன்றைக் குனிந்து எடுக்கும்போது, பின்னால் ஏதோ லேசாகத் தாங்கின மாதிரி இருந்தது என்று சொன்னார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அவசரப்படாதீங்க, இன்னும் மூணு வருஷம் இருக்கு" என்று சொல்லி, மீதி வெங்காயத்தை அவர் கையில் கொடுத்தார்.